கையெழுத்துப் போடுமுன்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டையொட்டி, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் பயிலும் மாணவ மாணவியருக்காகப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

‘மாணவரும் வேலையும் பணமும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் பேச வேண்டிய தலைப்பு. நான் பேராசிரியன் அல்லன். பஞ்சாலை ஒன்றில் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் வீடுகளுக்குச் சென்று வருகிறேன். சம்பளம் எப்படி வருகிறது என்பதை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அது எப்படிப் போகிறது என்பதை வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து பார்த்து வருகிறேன். ஆகவே, பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சபையிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களில், சோம்பலால் கெட்ட குடும்பம் மிகக் குறைவு. பெரும்பாலோர் உழைப்பாளிகள். அவர்களுடைய உழைப்பு எந்த இடத்தில் ஒழுகிப் போயிற்று என்று விசாரித்தால், பல வேளைகளில் அங்கே ஒரு காகிதம் இருக்கும். அதைப் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து இருக்கும். சில வேளைகளில் காகிதமே இருக்காது. ‘நம்மாளுதானே’ என்ற வாய்ச்சொல் மட்டும் இருக்கும். எனவே, உங்கள் வாழ்க்கையில் வரப்போகும் நான்கு காகிதங்களைப் பற்றி இன்று பேசுகிறேன்: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பாஸ் புத்தகம், கடன் பத்திரம். முதல் மூன்றையும் கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு நான்காவது அதிகம் தேவைப்படாது.

முதலாவது: நியமனக் கடிதம்

உங்களில் பலர் மேலே படிப்பீர்கள். சிலர் பத்து அல்லது பன்னிரண்டு முடித்தவுடன் திருப்பூருக்கோ, கோவைக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ புறப்படுவீர்கள். எங்கே போனாலும், பையைக் கட்டுமுன் கேட்க வேண்டியது, ‘என் வேலைக்கு எழுத்தில் என்ன தருகிறீர்கள்?’ என்ற ஒரு கேள்விதான். நிறுவனத்தின் பெயர், என்ன வேலை, மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், விடுமுறை என்ன, விலகுவதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் - இவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

‘மூன்று ஆண்டு மில்லில் இருக்கட்டும், முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும்’ என்று தரகர்கள் வீடு வீடாக வந்த கதை பெற்றோர்களுக்குத் தெரியும். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமான பெயர் வேறு. அந்த மொத்தத் தொகை யாருடைய பணம்? மாதாமாதம் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியிலிருந்து நிறுத்தி வைத்த பணமே அது. இரண்டரை ஆண்டில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பிய பெண்கள் அந்தத் தொகையைக் காணாமலே போனதும் உண்டு. தாய்மாரே, சட்டம் தெளிவாகச் சொல்கிறது: மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். மூன்றாண்டு கழித்துத் தருவதாகச் சொல்லும் பணத்தைச் சம்பளம் என்று எண்ணாதீர்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14 வயது நிறையாத பிள்ளையைத் தொழிலில் அமர்த்துவதும், 14-க்கும் 18-க்கும் இடைப்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். அத்துடன், பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு நீங்கள் அறியாத ஒரு மதிப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய கடவுச்சீட்டில், வளைகுடா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். தேறியவருக்குப் பொதுவாக அது இல்லை. படிப்பு எதற்கு என்று கேட்கும் தம்பிக்கு இது ஒரு பதில்.

வெளிநாட்டு வேலை என்றால், அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று முதலில் பாருங்கள். ‘சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக் கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும், உறவினரே சொன்னாலும், போகாதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் தமிழ் இளைஞர்கள், மியான்மர் எல்லையில் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி வேலை செய்யும்படி வதைக்கப்பட்டதும், 2022-இல் அவர்களில் சிலரை அரசு மீட்டுக்கொண்டு வந்ததும் செய்தித்தாள்களில் வந்தவை. அவர்கள் படித்த பிள்ளைகள். வேலையைப் பற்றிய காகிதத்தைச் சரிபார்க்க வழி தெரியாமல் போனவர்கள்.

இன்னொன்று. வேலைக்குச் சேரும்போது மதிப்பெண் சான்றிதழின் மூலத்தைக் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள். நகலைக் கொடுங்கள். மூலம் ஒருவர் கையில் இருந்தால் உங்கள் கால் அவர் வாசலில் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது: சம்பளச் சீட்டு

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதச் சம்பளத்தன்று என் மேசைக்கு வந்து, ‘அண்ணா, பதினைந்தாயிரம் என்று சொன்னார்கள், கணக்கில் குறைவாக வந்திருக்கிறதே’ என்று முகம் வாடி நிற்பார்கள். அந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்த்துவிடுவோம்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.15,000 என்று வைத்துக் கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., நூற்றுக்கு 12 வீதம் ரூ.1,800 பிடிக்கப்படும். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கு நூற்றுக்கு முக்கால் வீதம் ரூ.113. ஆக, கைக்கு வருவது ரூ.13,087. குறைந்த பணம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

நீங்கள் ரூ.1,800 கட்டினால், முதலாளியும் ரூ.1,800 கட்டுகிறார். அதில் ரூ.1,250 உங்கள் ஓய்வூதியக் கணக்குக்கும், ரூ.550 உங்கள் வைப்பு நிதிக்கும் செல்லும். எனவே வைப்பு நிதியில் மாதம் ரூ.2,350 சேரும். ஐந்து ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, ரூ.1,41,000. இதை அறியாத பிள்ளைகள், ‘பி.எஃப். வேண்டாம், முழுப் பணத்தையும் கையில் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பது முதலாளிக்கு லாபம், உங்களுக்கு நட்டம்.

ஈ.எஸ்.ஐ.க்கு நீங்கள் ரூ.113 கொடுக்க, முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் வீதம் கொடுக்கிறார். இந்த விகிதம் 2019 ஜூலை முதல் உள்ளது. இதனால் உங்களுக்கும் உங்களை நம்பியுள்ள குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைக்கும். உரிய நாட்கள் சந்தா செலுத்தியவர் நோயுற்று வேலைக்குப் போக முடியாவிட்டால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். வேலையில் அடிபட்டுப் படுத்தால் நூற்றுக்கு 90 பங்கு. இயந்திரத்தில் விரல் போன ஒருவனுடைய வீட்டில் அடுப்பு எரிந்ததற்கும், இன்னொருவனுடைய வீட்டில் எரியாததற்கும் இந்த ஒரு வரிதான் வேறுபாடாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே சம்பளச் சீட்டில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, வேலை நாட்கள் சரியா? இரண்டு, தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் செய்த மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி போட்டிருக்கிறதா? மூன்று, பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா? பி.எஃப்.க்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரே எண், 12 இலக்கம். வேலை மாறினாலும் எண் மாறாது. அந்த எண்ணைக் கொண்டு கைபேசியிலேயே கணக்கைப் பார்க்கலாம். தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் நிறுத்திக் கொண்ட முதலாளிகளும் உலகத்தில் உண்டு. ஆறு மாதத்தில் கண்டுபிடித்தால் கேட்டு வாங்கலாம். ஆலை பூட்டிய பிறகு கண்டுபிடித்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

வாரிசு நியமனத்தையும் சேர்ந்த மாதமே செய்துவிடுங்கள். இளம் வயதில் அதைப் பற்றி நினைக்கப் பிடிக்காது. ஆனால் அது எழுதப்படாததால், மகனை இழந்த தாய் சான்றிதழ் தேடி அலுவலகம் அலுவலகமாக நடக்கிறாள்.

வேலையில் நடந்து கொள்ளும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள்; தெரிந்ததுபோல் இயந்திரத்தில் கை வைக்காதீர்கள். கொடுத்த முகமூடியையும் கையுறையையும் அணியுங்கள். விலகுவதானால் சொல்லாமல் ஓடி வராதீர்கள். எழுதிக் கொடுத்து, பணி விடுவிப்புக் கடிதம் வாங்கிக் கொண்டு வாருங்கள். தங்கையரே, வேலையிடத்தில் யாராவது தகாத முறையில் நடந்தால் அது உங்கள் குற்றம் அன்று. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகாரை விசாரிக்க ஒரு குழு இருந்தாக வேண்டும். வீட்டிலும் சொல்லுங்கள். பெற்றோரே, அப்படிச் சொல்லும் பெண்ணை நம்புங்கள்.

மூன்றாவது: பாஸ் புத்தகம்

நம் காலத்துப் பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. காற்பணமும் அரைப்பணமும் கட்டினோம். சேர்ந்த தொகை சிறிது. ஆனால் கட்டும் பழக்கம் சிலருக்கு ஆயுளுக்கும் ஒட்டிக் கொண்டது. இன்று பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துத் தானே நடத்த வழியுண்டு. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புத் தொடங்கலாம்.

செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவருக்கு மிஞ்சுவதே இல்லை. சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் செலவு செய்யப் பழகுங்கள். ரூ.13,087 வாங்கும் தம்பி, முதல் மாதத்திலிருந்தே ரூ.1,000 தொடர் வைப்பில் போட்டால், ஐந்தாண்டில் அசல் மட்டும் ரூ.60,000. வீட்டுக்குக் கொடுங்கள், கொடுக்க வேண்டும். ஆனால் கொடுப்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். தாய்க்குக் கணக்குக் காட்டவா என்று கேட்காதீர்கள், கணக்கு உங்களுக்காக.

பணத்தை எங்கே போடுவது? வங்கி மூடப்பட்டாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. பெரிய வட்டி தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனங்களுக்கு இந்தக் காப்பீடு இல்லை. 1990-களில் தமிழ்நாட்டில் எத்தனை நிதி நிறுவனங்கள் பூட்டிக் கொண்டு போயின என்பது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனால்தான் 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சீட்டுப் போடுவதானால், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று பாருங்கள். ‘ஆள் சேர்த்துவிட்டால் உனக்குப் பங்கு’ என்று சொல்பவரிடம் நின்றுகூடப் பேசாதீர்கள்.

கைபேசியில் பணம் அனுப்பும் பழக்கம் இன்று எல்லாருக்கும் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மனத்தில் பதியுங்கள்: பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் தேவை, பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை. பெறுவதற்கு எண்ணை அழுத்தச் சொன்னால் அவன் திருடன். உங்கள் கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ, ‘இரண்டாயிரம் தருகிறேன், சில நாள் கொடு’ என்று கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியே போகும். காவல் துறை உங்கள் வீட்டுக்கு வரும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நான்காவது: கடன் பத்திரம்

கடனே வாங்காதே என்று சொல்ல நான் வரவில்லை. படிப்புக்கும் தொழிலுக்கும் வாங்கிய கடனால் முன்னேறிய குடும்பங்கள் நம் பங்கிலேயே உண்டு. வட்டியை ஆண்டுக் கணக்கில் மாற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

‘நூற்றுக்கு மூன்றுதான்’ என்பார்கள். அது மாதத்துக்கு மூன்று, ஆண்டுக்கு 36. பத்தாயிரம் வாங்கினால் மாதம் 300. 34 மாதங்களில் வட்டியாக மட்டும் ரூ.10,200 கட்டியிருப்பீர்கள்; அசல் பத்தாயிரம் அப்படியே வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது தண்டல். கையில் ரூ.8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். ‘ஆயிரத்து ஐந்நூறுதானே அதிகம்’ என்று தோன்றும். ஆனால் அந்த எட்டாயிரத்து ஐந்நூறு 100 நாளும் உங்களிடம் இருந்ததா? ஐம்பதாம் நாளில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களே! இதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 120 அளவில் வருகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. சட்டம் இருப்பது நல்லது. கணக்குத் தெரிந்திருப்பது அதனினும் நல்லது.

தம்பிமார்களுக்குப் பிடித்த மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். ரூ.80,000 கடன், ‘பத்து சதவீத வட்டிதான்’, மூன்று ஆண்டு. ஆண்டுக்கு 8,000 வீதம் வட்டி 24,000, மொத்தம் ரூ.1,04,000, மாதத் தவணை ஏறத்தாழ ரூ.2,889. இங்கேயும் அதே சூட்சுமம்தான். அசல் மாதாமாதம் குறைந்து வருகிறது; வட்டியோ கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் போடப்படுகிறது. உண்மையான வட்டி ஏறத்தாழ நூற்றுக்கு 18. எனவே கடைக்காரரிடம், ‘குறையும் அசலுக்கு வட்டி எவ்வளவு?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி கேட்டவனிடம் பேச்சே மாறிப்போகும்.

இதற்கெல்லாம் பெரிய கணிதம் வேண்டியதில்லை. லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கினார். அதே நூலில் ஓர் எளிய விதியும் உண்டு. 72-ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால், வட்டிக்கு வட்டி சேர்ந்து பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழ வரும். உங்கள் சேமிப்புக்கு ஆண்டுக்கு 7 வட்டி என்றால் பத்து ஆண்டு சொச்சம். நூற்றுக்கு இரண்டு வட்டிக் கடனைக் கட்டாமல் விட்டு, வட்டியும் அசலோடு சேர்ந்தால், ஆண்டுக்கு 24, மூன்றே ஆண்டு. சேமிப்பு நடந்து வருகிறது. கடன் ஓடி வருகிறது. ஒரு துறவி இதைக் கணக்கிட்டு எழுதுவதை இழுக்காக எண்ணவில்லை. நாமும் காசுக் கணக்குப் பேசுவதை உலகப் பற்று என்று ஒதுக்க வேண்டியதில்லை.

கைபேசிக் கடன் செயலிகளை அடியோடு விலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் பணம் தரும். உங்கள் கைபேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் எடுத்துக் கொள்ளும். பின்னர் உங்கள் ஆசிரியருக்கும் அத்தைக்கும் அசிங்கமான செய்தி அனுப்பி மிரட்டும். நிரப்பாத காசோலை, வெற்றுப் புரோநோட்டு ஆகியவற்றில் கையெழுத்துப் போடாதீர்கள். நண்பனுக்கு ஜாமீன் போடுமுன் நினைத்துக் கொள்ளுங்கள்: சட்டத்தின் கண்ணில் ஜாமீன் போட்டவர் சாட்சி அல்லர், அவரும் கடன்காரரே. நண்பனுக்கு உதவ வேண்டுமானால், உங்களால் முடிந்ததைக் கையில் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டுக் கடனைப் பிள்ளைகளிடம் மறைக்கிறோம். பிள்ளைகளுக்குக் கவலை தெரியக் கூடாது என்ற பாசம் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டின் கணக்கு தெரியாமல் வளரும் பிள்ளை, வெளியில் அந்நியனிடம் போய் அதைக் கற்றுக் கொள்கிறது. அதற்கான கட்டணம் அதிகம். அரிசிக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, தவணை எவ்வளவு என்று ஒரே ஒரு மாதக் கணக்கை உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையால் எழுதச் சொல்லுங்கள். மகளையும் எழுதச் சொல்லுங்கள். அவள் சம்பாதிக்கும்போது பாஸ் புத்தகம் அவள் பெயரிலும், அவள் கையிலும் இருக்கட்டும்.

தம்பி தங்கையரே, நம் பங்கின் ஐம்பது ஆண்டுகளில் இக்கோயிலைக் கட்டியவர்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். நன்கொடைப் பட்டியலில் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் எழுதப்பட்டிருப்பதை இம்மலரிலேயே காண்பீர்கள். எழுதி வைத்ததால்தான் அது இன்றும் தெரிகிறது.

பங்குத் தந்தை அவர்களின் அனுமதியோடு ஓர் அறிவிப்பு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், எங்கள் சபையைச் சேர்ந்த இருவர் இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போம். வேலைக் கடிதமானாலும், சம்பளச் சீட்டானாலும், கடன் பத்திரமானாலும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். யாரிடமும் சொல்ல மாட்டோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையெழுத்துப் போட்ட பிறகு அன்று, போடுமுன் வாருங்கள்.